காம்புத் தையல்

கத்தரிக்காய் வாங்கும்போது எல்லாரும் காயைத்தான் அழுத்திப் பார்க்கிறார்கள், மச்சான். காம்பைப் பார்க்க வேண்டும். காம்பு பச்சையாக, விரலில் முள் குத்துகிற மாதிரி இருந்தால் காய் இளசு. காம்பு கொஞ்சம் நீளமாகவும் இருந்துவிட்டால் வேலை சுலபம். என்ன வேலை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் சத்தம் போடாமல் உட்கார வைத்து, ஃபேனைப் போட்டு, டீயும் கொடுத்து, "என்னதான் நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லுங்க மாப்பிள்ளை" என்று கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் தங்கை நேற்று பெட்டியோடு இங்கே வந்து என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் நர்ஸாக இருந்தவள், எதையும் சுருக்கமாகத்தான் சொல்வாள். நூல் விஷயத்தைச் சொல்லியிருப்பாள். நூல் உண்மைதான். ஆனால் நூலிலிருந்து ஆரம்பித்தால் நான் ஏதோ கெட்டவன் போலத் தெரியும். அதனால் செடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் தையல் கடையை மூடிய வருடம்தான் அவள் மொட்டை மாடியில் தொட்டிகளை வாங்கி வைத்தாள். கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய், ஓரமாகக் கொஞ்சம் புதினா, கொத்தமல்லி, மூலையில் பந்தல் போட்டு ஒரு சுரைக்கொடி. அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் டூட்டி. இரவு நேரம் கழித்து வருவாள், காலையில் தாமதமாக எழுந்திருப்பாள். எழுந்ததும் முகம் கழுவக்கூட மாட்டாள், நேரே மாடிதான். வார்டில் நோயாளிகளை அதட்டுகிற அதே வாயால் செடிகளிடம், "என்ன கண்ணு, ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்று கேட்பாள். என்னிடம் கேட்டதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நான் நன்றாகத் தூங்குகிறவன் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு தடவை அவளை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு என்னுடையது. முதல் நாள் ஊற்றினேன். அதற்கப்புறம் டிவியில் ஏதோ போட்டி ஓடியது, எனக்கும் முழங்கால் வலி, மாடிப்படியோ செங்குத்து. அவள் திரும்பி வந்தபோது செடிகளெல்லாம் துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்தன. அவள் திட்டவில்லை. "வெயில் போல" என்றாள். நானும் "வெயில்தான்" என்றேன். பிறகு ஒரு கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இலையை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கண் முன்னால் உயிர் போனாலும் கலங்காதவள், மச்சான். அந்தச் செடியைப் பார்த்து அவள் முகம் சுண்டிப் போனதை நீங்கள் பார்த்திருந்தால், நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

மறுநாள் காலை, அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, கடைக்குப் போய் நல்லதாக ஒரு கத்தரிக்காய் வாங்கி வந்தேன். தையல் பெட்டியிலிருந்து நூல்கண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் காம்போடு வைத்துப் பார்த்தேன். சும்மா பச்சை ஒத்துவராது. கத்தரிக் காம்பில் ஊதா ஓடும். ஒரு கல்யாணக் கோட்டுக்கு வாங்கி மிச்சமான நூல் கச்சிதமாகப் பொருந்தியது. செடியின் கிளையோடு காம்பை வைத்து, வெளியே தெரியாத தையலாகப் போட்டேன். நாற்பது வருடம் கை பழகிய வேலை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது.

அவள் மாடிக்குப் போனாள். பிறகு, "என்னங்க, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கூப்பிட்ட குரல் அது. நான் முழங்கால் வலியையும் மறந்து ஏறினேன்.

இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. திடீரென்று பெரிய காய் வந்து தொங்கினால் சந்தேகம் வருமல்லவா? அதனால் முதலில் பிஞ்சு, அடுத்து நடுத்தரம், அப்புறம் முழுக்காய் என்று வரிசையாக மாற்றித் தைத்தேன். தெருமுனைக் காய்க்காரம்மாதான் முகத்தைச் சுளித்தாள். "ஏன் சார், ஒரே கத்தரிக்காயைச் சின்னது, நடுத்தரம், பெரிசுன்னு தனித்தனியாக் கேக்கறீங்க? வீட்ல கொலு வைக்கப் போறீங்களா?" என்றாள். "டாக்டர் சொன்னார்" என்றேன். டாக்டர் என்றால் யாரும் மேலே கேட்பதில்லை.

அறுப்பதும் என் வேலைதான். உங்கள் தங்கைக்கு மனசு வராது. "நான் வளத்த புள்ளைய நானே எப்படிங்க வெட்டுவேன்" என்பாள். அவள் காலையில் வந்து பார்த்து, கொஞ்சி, டூட்டிக்குக் கிளம்பும் முன் நான் கத்தரிக்கோலால் நூலோடு சேர்த்து அறுத்துக் கூடையில் போட்டுவிடுவேன். சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, "கடைக் காய்ல இந்த ருசி வருமா?" என்று கேட்பாள். "வரவே வராது" என்பேன். நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தோம்.

பிரச்சினை வெண்டைக்காயில் வந்தது. வெண்டைக்காய் செடியில் மேலே பார்த்துத்தான் நிற்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் துணி தைத்தவன். மிளகாய் தொங்குகிறது, கத்தரி தொங்குகிறது, வெண்டையையும் தொங்கவிட்டேன். அதற்குள் குடியிருப்பில் அவள் பேர் பரவிவிட்டது. 'கைராசி சிஸ்டர்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் வகுப்பு. கீழ்வீட்டுக் கணக்கு டீச்சர்தான் முதலில் கேட்டது.

"சிஸ்டர், எங்க வெண்டைக்காயெல்லாம் மேல பாத்து விறைப்பா நிக்குதே. உங்களுது மட்டும் எப்படிக் குனிஞ்சிருக்கு?"

உங்கள் தங்கை யோசித்தாள். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வராது. அது அவள் வேலையின் பழக்கம். "நீங்க செடிகிட்ட அன்பாப் பேசறதில்ல டீச்சர். அதான் அதுக்குத் திமிரு" என்றாள்.

டீச்சர் வீட்டுக்குப் போய் வெண்டைச் செடிகளிடம் ஒரு வாரம் பேசிப் பார்த்திருக்கிறார். பிறகு எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார். நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த செடிகள். மாடி மாடியாக இதே கதைதான் நடந்தது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் தன் பெண்டாட்டியின் கை சரியில்லை என்று அவளைச் செடிப் பக்கமே விடவில்லை என்று கேள்விப்பட்டேன். இதிலெல்லாம் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. நான் என் வீட்டு மாடியை விட்டு வெளியே ஒரு தையல் போட்டதில்லை.

உங்கள் சின்னத் தங்கை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே கேட்கப் போகிறீர்கள். கொழுந்தியாள் எத்தனையோ வருடமாகத் தக்காளி போடுகிறாள். சின்னச் சின்னதாக, வெடித்து, கோணலாகத்தான் வரும். உண்மையான தக்காளி அப்படித்தான் இருக்கும். ஒருநாள் ஒரு கிண்ணத்தில் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உனக்குக் கை கடுமைடி. புள்ளைங்களும் உன்கிட்ட அதான் ஒட்ட மாட்டேங்குதுங்க" என்றாள். இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது. நான் சமாதானம் செய்துவைக்க நினைத்தேன். ஆனால் என்னவென்று சொல்லிச் சமாதானம் செய்வது?

இனி நேற்று நடந்தது. அவள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா வகுப்புக்கு வந்திருந்தார்கள். மாடி நிறையக் கூட்டம். அன்று காலை சுரைக்காய் ஒன்று தைத்திருந்தேன், கனம் தாங்க இரட்டை நூல். டாக்டரம்மா, "உங்க கையாலயே பறிச்சுக் குடுங்க சிஸ்டர்" என்று கேட்டுவிட்டார்கள். நான் கத்தரிக்கோலோடு முன்னால் போனேன். "இன்னிக்கு நானே" என்று அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

சுரைக்காயைக் குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் ஏந்தி இழுத்தாள். காய் வந்தது. கூடவே நூலும் வந்தது. நூலின் நுனியில் ஊசியும் தொங்கியது. என் வாழ்க்கையில் துணியில் ஊசியை விட்டதே இல்லை, மச்சான். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அவள் காயைத் திருப்பி, காம்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க நோயாளிகளுக்குத் தையல் பிரித்தவள். வார்டு குரலில், அமைதியாகக் கேட்டாள்: "இது யாரு போட்ட தையல்?"

டாக்டரம்மாகூட, தன்னைக் கேட்கிறாளோ என்று ஒரு அடி பின்னால் போனார்கள். நான்தான் கையைத் தூக்கினேன்.

அவள் அழவில்லை. ஒவ்வொரு செடியாகப் போய்த் தொட்டு இழுத்துப் பார்த்தாள். கத்தரி வந்தது. மிளகாய் வந்தது. வெண்டை வந்தது. கணக்கு டீச்சர் மட்டும், "அப்ப என் செடிக்குத் திமிரு இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கிப் போனார்கள். அவள் பெட்டியைக் கட்டினாள்.

நீங்கள் சிரிப்பை அடக்குகிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. வயதான காலத்தில் பெண்டாட்டிமேல் இருக்கிற பிரியத்தில் கிறுக்குத்தனம் பண்ணிவிட்டான் என்று அவளிடம் எடுத்துச் சொல்லி அனுப்பிவைக்கப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. நல்ல யோசனைதான். ஆனால் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அவளுக்குத் தெரியாதது ஒன்று மிச்சமிருக்கிறது.

செடிகள் சாகவில்லை, மச்சான். அன்று வாடிக் கிடந்தவை அவள் கையால் தண்ணீர் பட்டுக் கொஞ்ச நாளிலேயே துளிர்த்துவிட்டன. ஒருநாள் காலை நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு குனிந்தால், இலைக்கு அடியில் ஒரு கத்தரிக்காய். நான் தைக்காதது. கட்டை விரல் அளவு, கொஞ்சம் கோணல். அதை நான் கொண்டுபோன காய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாவமாக இருந்தது. அவ்வளவு நல்ல காயைப் பார்த்துப் பழகியவள் இதைப் பார்த்தால் மனசு உடைந்துபோவாள். பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கீழே வந்து பச்சையாகவே கடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் தக்காளி. அது கோணலும் இல்லை, வெடிக்கவும் இல்லை. ஒரே கொத்தாக, கடையில் கிடைப்பதைவிடச் சிவப்பாக, செடி தாங்காமல் சாய்ந்து நின்றது. அன்று நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். என் கையில் பை நிறைய வாங்கி வந்த தக்காளி. செடியில் தைக்க இடமே இல்லை. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்வது? எல்லாவற்றையும் பறித்துக் கொண்டுபோய்க் காய்க்காரம்மாவிடம் சும்மாவே கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை அவள் கடையில் பளபளவென்று தக்காளி கிடந்தது. பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கி வந்து, தைத்து முடித்த பிறகுதான் எந்தச் செடியிலிருந்து போனதோ அதே செடிக்கு வந்திருக்கிறது என்று புரிந்தது. உங்கள் தங்கை அன்று ரொம்ப சந்தோஷப்பட்டாள். "இதுல என்னமோ ஒரு தனி வாசனைங்க" என்றாள்.

அதற்கப்புறம் இந்த அலைச்சல் வேண்டாமென்று பூவிலேயே கிள்ளிவிட ஆரம்பித்தேன். காலையில் முதல் வேலை அதுதான். மஞ்சள் பூ, ஊதாப் பூ, சுரைப் பூ, எதையும் விடமாட்டேன். நகத்தால் ஒரு கிள்ளு, செடிக்கு வலிக்காது. பிறகு உட்கார்ந்து நிதானமாகத் தைப்பேன். சட்டைப் பையில் பூ இருப்பதைப் பார்த்து, துவைக்கும்போது அவளே ஒருநாள், "எனக்கு வைக்கறதுக்கா பறிச்சீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் போலிருக்கிறது. நிற்கட்டும். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

நீங்கள் ஏன் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை இப்படிப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், மச்சான். மண்ணைக் கிளறுவது, தண்ணீர் ஊற்றுவது, பேசுவது எல்லாம் அவள் நன்றாகத்தான் செய்கிறாள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவளுக்குக் கைராசி கிடையாது. நான் ஒருவன் இல்லாமல் போயிருந்தால், அந்த மாடியில் அவள் ஒரு காயைக்கூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டாள்.