ஆயிரத்து நூற்று நாற்பது கால்களைப் பூட்டியவர்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் அச்சக உரிமையாளர் அவர்களே! தலைப்பைக் கொடுத்துவிட்டு, இவள் என்ன பேசித் தொலைப்பாளோ என்று கலக்கத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் நம் சங்கச் செயலாளர் அவர்களே! பட்டறை வைத்துப் பல குடும்பங்களுக்குப் படியளக்கும் பெரியோர்களே! தையற்கூடம், ஆய்வுக்கூடம், சமையற்கூடம் என்று தொழிலைத் தோளில் சுமந்து நிற்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கழுத்தில் அட்டை தொங்க அமர்ந்திருக்கும் மேகச்சேவை நிறுவனங்களின் பிரதிநிதிகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

'மேகச்சேவை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?' இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. பதமாகப் பேசச் சொன்னார் செயலாளர். மன்னிக்க வேண்டும் ஐயா, பதமாகப் பேசும் நிலையில் நான் இல்லை. கொதிப்போடு வந்திருக்கிறேன். கொதிப்போடுதான் பேசுவேன்!

நானும் என் அண்ணனும் செயற்கைக் கால் செய்கிறவர்கள். அண்ணன் கால் செய்வார். நான் அலுவலகம் பார்ப்பேன். வெட்டுப்பட்ட காலின் எஞ்சிய பகுதியைத் தாங்க ஒரு கூடு உண்டு. அந்தக் கூடு ஒரு நெல்மணி அளவு பிசகினாலும் புண்தான். ஒருவருடைய அளவு இன்னொருவருக்கு ஆகாது. அதனால் எங்களிடம் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மாவு அச்சு எடுத்து, பின்னறையில் தரையிலிருந்து கூரைவரை அடுக்கி வைத்திருந்தோம். ஆயிரத்து நூற்று நாற்பது பேருடைய கால்கள்!

அப்போது வந்தார் ஒரு விற்பனைப் பிரதிநிதி. என்ன சிரிப்பு, என்ன செருக்கு, என்ன சொல்வன்மை! "மேடம், இந்த அச்சோட அளவையும் ஆளுங்க கால் படத்தையும் மேகத்துல, அதாவது எங்க கம்பெனி கம்ப்யூட்டர்ல, போட்டுடுங்க. தீ வந்தாலும் போகாது, வெள்ளம் வந்தாலும் போகாது. இந்த ரூமும் உங்களுக்கு மிச்சம்" என்றார். அண்ணன் மட்டும் தயங்கினார். "அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டுமேம்மா, என்ன பண்ணுது?" என்றார். நான் கேட்கவில்லை. அளவுகளை ஏற்றி முடித்ததும், அந்த அச்சுகளை உடைத்து அள்ளச் சொன்னவள் நான். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது, இதோ, இந்தக் கை! என் கோபத்தில் முதல் பங்கு எனக்கே. அதை நான் மறைக்கப் போவதில்லை.

இரண்டு ஆண்டு எல்லாம் நன்றாகவே போயிற்று. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கதவைத் திறக்கிறேன், தபால்காரர் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எங்களிடம் கால் வாங்கி ஒன்பது ஆண்டு ஆகிறது. அந்தக் காலோடு மாடி மாடியாக ஏறி இறங்கிக் கடிதம் கொடுத்தவர். முந்தின நாள் படியில் கூடு விரிசல் விட்டுவிட்டது.

"அம்மா, வெள்ளிக்கிழமை எனக்குத் தபால் ஆபீஸ்ல நடைப் பரிசோதனை. பையோட இருநூறு அடி நடந்து காட்டணும். அதுக்குள்ள முடியுமா?"

"அளவு நம்மகிட்டயே இருக்குங்க. ரெண்டு நாள்ல ரெடி. நீங்க உக்காருங்க" என்றேன். பெருமையாகச் சொன்னேன்! கணினியைத் திறந்தேன். திரையில் ஒரு வரி: 'உங்கள் கணக்கில் விதிகளுக்குப் புறம்பான படங்கள் கண்டறியப்பட்டுள்ளன. கணக்கு முடக்கப்பட்டுள்ளது.'

விதிகளுக்குப் புறம்பான படங்களா? என்ன படங்கள் தெரியுமா தாய்மார்களே? எஞ்சிய கால்களின் படங்கள்! ஆடையில்லாத உடம்பு என்று ஒரு இயந்திரம் முடிவு செய்தது. வெட்டுக்காயம், வன்முறை என்று அதே இயந்திரம் தீர்ப்பெழுதியது. எழுதிய கையோடு பூட்டியது! ஒரு மனிதர் பார்த்தாரா? இல்லை. ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. ஒரு நாள் தவணை உண்டா? அதுவும் இல்லை!

உதவிப் பக்கத்துக்குப் போனேன். 'வணக்கம்! உங்கள் நாள் இனிதாக அமையட்டும்!' என்றது திரை. 'நான் ஒரு மனிதரிடம் பேச வேண்டும்' என்று தட்டினேன். 'மன்னிக்கவும், புரியவில்லை. வேறு சொற்களில் கேளுங்கள்' என்றது. மனிதர் என்பதற்கு வேறு சொல்லை நான் எங்கே போய்த் தேடுவேன்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த விற்பனைப் பிரதிநிதியைத் தொலைபேசியில் பிடித்த கதையையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். "மேடம், நான் இப்ப அந்தக் கம்பெனியில இல்லீங்க. இன்சூரன்ஸ்ல இருக்கேன். உங்களுக்கு ஏதாவது பாலிசி வேணுமா?"

அண்ணன் என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "படம் போனா போகுது. அவரு காலு இங்கதானே இருக்கு? மாவைக் கரை" என்றார். புதிதாக அச்செடுத்தோம். ஆனால் விரிசல் விட்ட கூட்டில் ஒரு நாள் முழுக்க நடந்ததில் கால் வீங்கியிருந்தது. "வீக்கத்துக்கு அளவெடுத்தா, வத்துனதும் தொளதொளன்னு ஆடும். பழைய அளவு இல்லாம முடியாதும்மா" என்று கையைப் பிசைந்தார். வேறு வழியில்லாமல் பழைய கூட்டையே நார்த்துணி சுற்றி, பிசின் பூசி இறுக்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். தபால் அலுவலக முற்றத்தில், வாசல் கதவிலிருந்து மதில்வரை நடக்க வேண்டும். பையை மாட்டினார். நடந்தார். நான் எண்ணினேன். நூறு. நூற்றுப்பத்து. நூற்றிருபதில் முகம் வெளுத்தது. நூற்று முப்பத்தோராவது அடியில் நின்றுவிட்டார். "கொஞ்சம் இருங்க சார், இதோ வந்துடறேன்" என்றார். வரமுடியவில்லை. காலுறை சிவந்திருந்தது. அதிகாரி கெட்டவர் அல்லர். ஆனாலும் தாளில் எழுதினார்: 'நடைப் பணிக்குத் தகுதியில்லை.'

யாருக்குத் தகுதியில்லை, அவையோரே? இருபத்திரண்டு ஆண்டு தபால் பையோடு, அதில் ஒன்பது ஆண்டு செயற்கைக் காலோடு நடந்தவருக்கா? அவர் அளவைப் பறித்துப் பூட்டி வைத்துக்கொண்டு, கேட்டால் இனிய நாள் வாழ்த்துச் சொல்லும் அந்த நிறுவனத்துக்கா?

பதினோராவது நாள் கணக்குத் திறந்தது. 'தவறுதலாக நேர்ந்துவிட்டது. உங்கள் பொறுமைக்கு நன்றி.' அதற்குக் கீழே ஐந்து நட்சத்திரங்கள். 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' பற்றி எரிந்தது எனக்கு! அண்ணன் இரண்டே நாளில் புதிய கூடு செய்தார். கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் மறுபரிசோதனைக்கு ஒரு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. தபால்காரர் இன்று ஒரு மூலையில் உட்கார்ந்து ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறார்.

அடுத்த மாதமே வேறு நிறுவனம் தேடினோம். மூன்று பேரை வரவழைத்தோம். அந்தத் தபால்காரரையும் அழைத்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என் காலு உங்ககிட்ட இருக்கும். ஒருநாள் காலையில அது பூட்டிக்கிச்சுன்னா, நான் யாரைக் கூப்பிடணும்? பேரைச் சொல்லுங்க."

முதலாமவர் தங்கள் சேவை தடையில்லாமல் ஓடும் சதவீதம் சொன்னார். தொண்ணூற்றொன்பது புள்ளி எத்தனையோ ஒன்பது. இரண்டாமவர் விருதுப் பட்டியலை விரித்தார். மூன்றாவதாக வந்த அம்மா சின்ன நிறுவனத்துக்காரர். பேனாவை எடுத்துத் தன் பெயரையும், தான் இல்லாதபோது பொறுப்பு பார்ப்பவர் பெயரையும் எழுதினார். "எங்ககிட்டயும் கோளாறு வரும், பொய் சொல்லல. அதனால ஒரு பிரதி உங்க கடையிலயே இருக்கணும். அதுக்குச் சம்மதிச்சாத்தான் நான் கையெழுத்து வாங்குவேன்" என்றார். தபால்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான் எங்கள் தேர்வு.

நம்பினோமா? நம்பவில்லை! ஒரு புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல், "எல்லா அளவும் இப்பவே திரும்ப வேணும்" என்றேன். நான்கு மணி நேரத்தில், ஒரு கால் குறையாமல் வந்து சேர்ந்தது. பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

என்ன தம்பி, முன்வரிசையில் ஏதோ சொல்கிறீர்கள்? 'எங்கள் நிறுவனம் அப்படியில்லை' என்றா? மகிழ்ச்சி! வாயால் சொன்னதை ஒப்பந்தத்தில் எழுதுவீர்களா? தலைமையகத்தைக் கேட்க வேண்டுமா? கேளுங்கள். நாங்கள் இங்கேயேதான் இருப்போம்!

தோழர்களே, தனித்தனியாகக் கேட்டால் நம்மை அவர்கள் தூசியாகத் தட்டிவிடுவார்கள். நாம் இந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருக்கிறோம். முந்நூறு தொழில்! ஆகவே ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். பூட்டுவதற்கு முன் பெயருள்ள ஒரு மனிதர் எங்களோடு பேச வேண்டும். பூட்டினாலும், எங்கள் பொருளை நாங்கள் எடுத்துக்கொள்ள முப்பது நாள் கதவு திறந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத ஒப்பந்தத்தில் இந்தச் சங்கத்தின் ஒரு உறுப்பினர்கூடக் கையெழுத்திட மாட்டார்! ஒப்புக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்!

இன்னும் உயரமாக! கடைசி வரிசையும்!

செயலாளர் அவர்களே, எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தைப் பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. தூக்கிய கைகளுக்கெல்லாம் நன்றி. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் கைகளுக்கும் என் வணக்கம்.