மேனேசர் குடுத்த ஒரு மணி நேரம்

இல்ல தாயி, ஸ்டூல்ல நீ உக்காரு. இந்தத் துணி ரூமுல எனக்கு நின்னே பழக்கம். பேரா? கருத்தம்மா. வயசு அம்பத்தாறு. ஊரு நயினார்கோவில் பக்கம். மழ ஏமாத்துனதுல ராமேஸ்வரம் லாட்ஜுக்கு வேலைக்கு வந்தேன். உன் பேரு? யும்னாவா? நல்லாருக்கு.

என்னது, காலேசுல இருந்து வந்து, வேலையும் குடும்பமும் சரிசமமா இருக்கான்னு அளக்குறீகளா? எத வச்சு? ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்குமா? சரி, அள.

வேலைய வீட்டுக்குக் கொண்டு போறேனா? போறேனே. லாட்ஜு ரூமுல விரிக்கிற மாதிரியே மகன் படுக்கிற விரிப்பையும் நாலு மூலையும் இழுத்து மெத்தைக்கு அடியில சொருகிருவேன். காலு நீட்ட முடியலம்மாங்குறான். அதுக்கு எத்தன மார்க்கு?

சிரிக்காத. உனக்கு வீட்ல கைப்புள்ளயா? அத விட்டுட்டு விடியுமுன்ன பஸ் ஏறுனியா? அப்ப உன்னைய யாரு அளக்குறா?

மேலதிகாரி ஒத்தாசையா இருக்காரா? கேளு. இன்னைக்கு ஆடி அமாவாச. செத்தவுகளுக்கு எள்ளும் தண்ணியும் விட எங்கெங்கயோ இருந்து சனம் வந்து லாட்ஜு பிதுங்குது. சார், ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வாரேன்னேன். அமாவாசையும் அதுவுமா உனக்கென்ன சோலின்னு மேனேசர் கத்துறாரு. அஞ்சு நிமிசங்கூடக் கெடையாதாம். பின்னாடியே நீ வந்த. காலேசுல இருந்துன்னதும் அதே மனுசன், கருத்தம்மா, ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல, மேடத்துக்கு எல்லாத்துக்கும் பதில் சொல்லுங்குறாரு. எனக்கு நேரம் கெடைக்குதான்னு கேக்குறதுக்கு நேரம் இருக்கு பாத்தியா! அவருக்கு அஞ்சு போடு. நெசமாத்தான்.

இந்த மஞ்சப்பையா? ஒண்ணுமில்ல, கொஞ்சம் பச்சரிசி.

இன்னும் எம்புட்டுக் கேள்வி இருக்கு? ஆத்தாடி! தாயி, மிச்சத்துக்கு நீயே டிக் அடிச்சுக்க. நான் போனதும் கதவத் தாப்பா போட்டுக்க. மேனேசர் தட்டுனா, கருத்தம்மா குடும்பத்தப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கான்னு சொல்லு. ஒண்ணும் பொய்யில்ல. பின்பக்கப் படி வழியா அக்னி தீர்த்தக் கரைக்குப் போயிட்டு ஓடியாந்துர்றேன். அங்கன பாண்டீஸ்வரன், எம் மகன், ஈர வேட்டியோட நிக்கிறான். பச்சரிசியும் எள்ளும் எங்கிட்டல்ல இருக்கு. தாமசமானா அய்யரு அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாரு.

அவுக அய்யாவுக்கு, எம் புருசனுக்குத் திதி தாயி. போன ஆடி அமாவாசைக்குத்தான் போனாக, இந்த ஊரு ஆசுபத்திரியிலதான். நான் இங்கன விரிப்பு மாத்திக்கிட்டு இருந்தேன்.

அன்னைக்கும் ஒரு மணி நேரந்தான் கேட்டேன்.