நெலாப் புறம்போக்கு

அட, இன்னா சார் அவசரம்? வெயில்ல நின்னா மட்டும் மெஷினுக்கு சாட்லைட்டு கெடைச்சிடுமா? இந்தக் கல்வராயன் மலை பாதி வானத்த மறைச்சிக்கினு ஒக்காந்திருக்கு. கெடைக்கும்போது கெடைக்கட்டும், இப்படி வேப்பமர நெழலுக்கு வாங்க.

தெரியும் சார், புறம்போக்குல கொட்டாய் போட்டுட்டோம், சர்வேயர் நீங்க அளக்க வந்திருக்கீங்க. குடும்பம் குடியிருந்தா நோட்டீஸ் குடுப்போம், காலிக் கொட்டாய்னா இன்னிக்கே பிரிச்சிடுவோம்னு சொன்னீங்க. நான் மறுத்தா பேசுனேன்? இந்தக் குஞ்சம்மா அதிகாரிய எதுத்துப் பேசுறவ இல்ல. ஒரே ஒரு சந்தேகம், அத மட்டும் தீத்து வுட்டுடுங்க.

நெலா யாருது சார்? சிரிக்காதீங்க. பட்டா இருக்கா? இல்லல்ல, அப்ப புறம்போக்குதான? அமெரிக்காகாரன் போயி கொடி நட்டான். ரஷ்யாகாரன், சீனாகாரன்லாம் மண்ணு அள்ளிக்கினு வந்தான். நம்மாளுங்க, எவனும் போவாத தெக்கால பக்கம் போயி எறக்கிட்டாங்க. கரும்பு வெட்டறத வுட்டுட்டு, மூங்கில்துறைப்பட்டு மில்லாண்ட டீக்கடை டீவியில பாத்து அழுதுட்டேன் சார். ஏன் இப்படி அடிச்சிக்கினு ஓடறானுங்க? அங்க தண்ணி இருக்காம். தண்ணி இருக்கற எடத்த மொதல்ல வளைச்சவன்தான் பின்னாடி வர்றவனுக்கு வழி வுடணும். எடம் புடிக்காத நாடு, பஸ்ல நின்னுக்கினே போவ வேண்டியதுதான்.

உள்ள இன்னா பொகையா? எம்பொண்ணு பாரதி அடுப்பு பத்தவெக்கறா சார். பச்ச வெறகு.

ஆமா, உங்க மெஷினு எந்த நாட்டு சாட்லைட்ட தேடுது? எல்லா நாட்டுதுமா! அடக் கடவுளே, எம் பத்தடி வூட்ட அளக்க அத்தினி பேரும் மேல வந்து நிக்கணுமா? கூச்சமா இருக்குது சார். நம்ம நாட்டுதும் இருக்குதா? அப்ப சரி. நாளைக்கே மத்த நாட்டுக்காரனுங்க கதவ சாத்திக்கினா நம்ம கதி இன்னா ஆவறது? அதுக்குத்தான் மேல சொந்தமா ஒண்ணு வேணுங்கறது. கீழயும் வேணும் சார். போன மழைக்கு வயசுப்புள்ளைய வெச்சிக்கினு பாலத்தடியில படுத்தோம். ராவெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல.

ஆனா ஒண்ணு, இத்தினி நாடு போயும் கோட்ட வுட்டுட்டானுங்க. கொடி நட்டா ஆச்சா? நம்ம கூட்டு ரோட்டுல இல்லாத கொடிக்கம்பமா? ஒரே நாள்ல புடுங்கிப் போட்டாங்க. நெலாவுல எவனாவது பால் காச்சினானா? பால் பொங்கினாத்தான சார் அது வூடு?

ஆங், சாட்லைட்டு கெடைச்சிடுச்சா? சந்தோஷம். நில்லுங்க, இந்தாங்க, மொத டம்ளர் உங்களுக்குத்தான். சக்கர போட்ட பாலு. நல்ல நாளு சார், வேணான்னு சொல்லக்கூடாது. ஊதிக் குடிங்க, இப்பத்தான் பொங்குச்சி.

ஏ பாரதி, போன்ல எடுத்துட்டியா? சார் மூஞ்சி தெரியுதா? டம்ளரு?

தெரியுதாம் சார். இப்ப அளங்க.