வரப்பில் இருந்த கேன்

நான் சாப்பாட்டில் உப்புச் சேர்த்துக்கொள்வதில்லை. இரத்தக்கொதிப்பு. போலீஸ்காரனுக்குப் பதவி உயர்வு வராவிட்டாலும் அது வந்துவிடும்.

மரக்காணத்தில் நான் எஸ்.ஐ.யாக இருந்தபோதுதான் ஸ்டேஷனில் கேமரா வைத்தார்கள். கையைக் கட்டிப்போட்டுவிட்டார்களே என்று பழைய ஆட்கள் புலம்பினார்கள். நான் புலம்பவில்லை. சட்டம் ஒன்று சொன்னால் அதை அனுசரித்துப் போவதுதான் முறை. அதனால் மாயவனை ஸ்டேஷனுக்கே கொண்டுபோகவில்லை.

மாயவன் உப்பளக் கூலி. முதலாளி தட்சணாமூர்த்தியின் தண்ணீர் இறைக்கிற மோட்டார் காணாமல்போனபோது அவர் கைகாட்டியது இவனை. இவன் வேலை பார்க்கும் பாத்தியிலேயே, உப்புத் தண்ணீரில், உச்சி வெயிலில் முட்டி போடச் சொன்னேன். லத்தியைத் தொடவில்லை. அடித்தால் தடம் இருக்கும். தடம் இருந்தால் நாலு பேருக்குப் பதில் சொல்லவேண்டும்.

அங்கே குடிக்கிற தண்ணீர் கிடையாது. வேலைக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்து வரப்பில் வைத்துவிட்டுத்தான் பாத்தியில் இறங்குவார்கள். அடுத்தவர் கேனை யாரும் தொடமாட்டார்கள். அவன் பெண்சாதி அந்தோணியம்மாள் நிரப்பிக் கொடுத்த நீலக் கேன் அவன் கண்ணெதிரிலேயே இருந்தது. மோட்டார் எங்கே என்று சொல்லிவிட்டுக் குடி என்றேன். நியாயமான பேச்சுதான்.

சாயங்காலம் வாயைத் திறந்தான். "நான்தான் எடுத்தேன் சார். தண்ணி குடுங்க."

எங்கே வைத்திருக்கிறாய் என்றால் சொல்லத் தெரியவில்லை. பொய் பேசுகிறவனை எனக்குப் பிடிக்காது. கேனைக் கவிழ்த்துவிட்டுப் பாத்தியில் முக்கி நிரப்பினேன். "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சிதானே ஆவணும்" என்று கான்ஸ்டபிள் அரசப்பன் சிரித்தான். தன் கேனைப் பார்த்ததும் மாயவன் இரண்டு கையையும் ஏந்தினான். முதல் மடக்கிலேயே தெரிந்திருக்கும். அரசப்பன் அவன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. தப்பி ஓடும்போது பாத்தியில் குப்புற விழுந்து உப்புத் தண்ணீரை விழுங்கிச் செத்துப்போனான் என்று எழுதினோம். உடம்பில் ஒரு கீறல் இல்லை என்று டாக்டரும் எழுதினார். மோட்டார் புதுச்சேரியில் காயில் கட்டுகிற ரிப்பேர் கடையில் இருந்தது. முதலாளியின் மருமகன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சொல்ல மறந்திருக்கிறார். மறதி யாருக்கும் சகஜம்.

விசாரணைக்கு வந்த அதிகாரி முன்னால் அந்தோணியம்மாள் அந்தக் கேனை வைத்தாள். தண்ணீர் காய்ந்து உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது.

"அவரு குப்புற விழுந்தாருன்னா, இதுக்குள்ள உப்பு எப்படி சார் வந்துச்சு?"

மரக்காணத்தில் உப்பு எதில்தான் இல்லை என்றேன். அதிகாரி தலையாட்டினார். கேனை யாரும் வாங்கி வைக்கவில்லை. எனக்குக் கோட்டக்குப்பத்துக்கு மாற்றல் வந்தது, அவ்வளவுதான்.

இங்கேயும் கேனோடு வாசலில் வந்து நிற்கிறாள். எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. நேற்று அவளை நிழலில் உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். வாங்க மறுத்துவிட்டாள்.

அவளுக்கு ஒன்று மட்டும் புரியமாட்டேன் என்கிறது. அவள் புருஷன்மேல் என் கை படவே இல்லை. நான் கேனைத்தான் பிடித்திருந்தேன்.