விரத நாளில் அவித்த கல்

பெயர்: கிருசிகா பானுஜன். வயது: இருபத்தாறு. பிறந்த இடம்: சாவகச்சேரி. தற்போதைய வதிவிடம்: ஷ்லீரன், கணவரின் வீடு. கல்வி: கலைப்பட்டதாரி. தொழில்: இல்லை, ஜெர்மன் வகுப்புக்குச் செல்கிறேன்.

வாயால் சொல்ல வேண்டியதை எழுதித் தருவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நேற்று விசாரணை அலுவலர் கேட்டபோது, மொழிபெயர்ப்பாளர் தவராஜா அண்ணை பக்கத்தில் இருந்தும் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரவில்லை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பேசுவதைவிட எழுதுவது எனக்குப் பழக்கம். இதை ஜெர்மனுக்கு மாற்றும் வேலையைத் தவராஜா அண்ணைக்குக் கூட்டிவிட்டேன் என்பதும் தெரியும்.

என் கணவர் பானுஜன் எங்கள் வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். அதில் பவளங்களும் இரண்டு செம்மஞ்சள் மீன்களும் சிவப்புக் கோடுள்ள ஓர் இறாலும் இருக்கின்றன. வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றும் முன் தண்ணீரின் உப்பைத்தான் பார்ப்பார். அதனால் அவருடைய தாயார் யோகாம்பாள், "தொட்டிதான் பிள்ளை அவனுக்கு மூத்த தாரம், நீ இரண்டாந்தாரம்" என்று என்னைப் பகிடி பண்ணுவார். ஆனால் கணவர் பிந்தி வரும் நாள்களில் இறாலுக்கு உணவு போடுவது மாமிதான். விரத நாள்களில் இறால் என்ற சொல்லையும் வாயில் எடுக்க மாட்டார். "அவருக்குச் சாப்பாடு போட்டாச்சோ?" என்றுதான் கேட்பார்.

சென்ற வாரம் தொட்டிக்குள் ஒரு கல்லில் பழுப்பு நிறமான, பொத்தான் அளவுப் பூக்கள் போன்றவை பரவி மற்றப் பவளங்களை நெருக்கின. கணவர் கையுறை போட்டு அந்தக் கல்லை எடுத்து, நண்பர் ஒருவருக்குக் கொடுப்பதற்காகக் கடல்நீர் வாளியில் பல்கனியில் வைத்தார். அவை பூக்கள் அல்ல, உயிருள்ள பிராணிகள், நஞ்சும் உண்டு என்று என்னிடம் சொன்னார். "வெறுங்கையால தொடாதையும்" என்றார். மாமி அப்போது கோயிலில் இருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதன் பின் நான் சில தடவை வாளியைப் பார்த்தேன். தள்ளி நின்றால் அவை விரிந்திருக்கும், குனிந்து நிழல் விழுந்தால் மூடிக்கொள்ளும். மாமி குனிந்து பார்த்தபோது எல்லாம் மூடியிருந்தன. அவர் அதைப் பாசி என்று நினைத்தார்.

கந்தசஷ்டி விரதத்தின் நான்காம் நாள் காலை, மாமி சாமியறையில் முருகனின் சிறிய வேலாயுதத்தை அரிசிக் கும்பாவில் நிறுத்தினார். அது இரண்டு தரம் சரிந்தது. அதன் பின் வேலுக்கு முட்டுக்கொடுக்க அவருக்கு அந்தக் கல்லின் ஞாபகம் வந்தது. செந்தூர் முருகன் கடற்கரையில் நிற்பவர், அவருக்குக் கடல் கல்லே பொருத்தம் என்றார். கணவரின் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து, வாளிக் கல்லை எடுக்கலாமோ என்று கேட்டார். அவர் அவசரத்தில், "எடுங்கோ அம்மா, வடிவாக் கழுவிப்போட்டு எடுங்கோ" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

மாமி கல்லைக் குழாயடியில் கழுவி மணந்து பார்த்து, நாற்றம் போகாததால், "இந்த வெடுக்கோட சாமியிட்ட வைக்கேலாது பிள்ளை, ஒருக்கா அவிச்சு எடுத்தாச் சரி" என்றார். அதன் பின் பொங்கல் பானையில் தண்ணீர் வைத்துக் கல்லை உள்ளே இறக்கினார். குளிருக்கு யன்னல் பூட்டியிருந்தது. தொலைபேசியில் போட்டிருந்த சாமிப் பாட்டுக் கேட்காது என்று அடுப்புக்கு மேலிருந்த விசிறியையும் போடவில்லை. பானைக்கு மேல் குனிந்து கரண்டியால் கல்லைப் புரட்டியபடி கூடவே பாடினார். நான் அடுத்த அறையில் வகுப்புப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தொட்டால் நஞ்சு என்பது தெரிந்தும், கணவரே எடுக்கச் சொன்னதால் நான் தடுக்கவில்லை, அவித்தால் என்ன ஆகும் என்றும் யோசிக்கவில்லை.

அதன் பின் பாட்டில் மாமியின் குரல் நின்றது. போய்ப் பார்த்தேன். நிலத்தில் இருந்து இருமிக்கொண்டிருந்தார், உடம்பு நடுங்கியது. எனக்கும் வாயில் செப்புக்காசு வைத்ததுபோல் ஒரு சுவை வந்தது. மாமியை இழுத்துப் பல்கனிக்குக் கொண்டுவந்து அவசர மருத்துவ உதவிக்கு 144 ஐ அழைத்தேன். என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார்கள். கல் என்றேன். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் கல் என்றேன்.

கணவருக்கு ஆவியின் ஆபத்துத் தெரியுமா என்று அலுவலர் கேட்டார். தெரியாது என்று அவர் சொல்கிறார். நான் நம்புகிறேன். நம்புகிறேன் என்றே எழுதுகிறேன், எனக்குத் தெரியும் என்று எழுதவில்லை. மாமிக்கோ எனக்கோ அவர் தீங்கு நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மாமியின் தசைகள் பாதிக்கப்பட்டதால் சிறுநீரகம் களைத்துவிட்டது, அவர் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். மாமி மாலையில் பாலும் பழமும் மட்டும் எடுக்கிறார். சூரன்போர் முடிந்து விரதம் முடிக்கும் பாறணை வரைக்கும் பொறுக்கச் சொன்னார். வைத்தியர் அதுவரை மருந்துநீர் ஏற்றுகிறார், அதற்கு மேல் பொறுக்க முடியாது என்கிறார். சென்ற ஆண்டு விரதத்தின் கடைசி நாளில் மாமி ஒரு பிஸ்கற் சாப்பிட்டார். அதில் முட்டை இருந்தது என்று பிறகு தெரிந்ததும், மறுநாள் முதல் ஆறு நாளும் திரும்ப விரதம் இருந்தார். யார் சொல்லியும் கேட்கவில்லை.

இன்று காலை நித்திரையால் எழும்பியதும், "கல்லு எங்க பிள்ளை? வெடுக்குப் போயிட்டுதோ?" என்று கேட்டார். கல்லைத் தீயணைப்புப் படையினர் பையில் கட்டிக் கொண்டுபோனதை நான் சொல்லவில்லை. "ஓம், போயிட்டுது" என்றேன்.

மேலே உள்ளவை நான் கண்டதும் கேட்டதும். மாமியிடம் சொன்ன அந்த ஓமைத் தவிர இதில் பொய் இல்லை. யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நாளை அலுவலரும் தவராஜா அண்ணையும் மாமியிடம் வாக்குமூலம் எடுக்க வைத்தியசாலைக்குப் போவதாக அறிந்தேன். அண்ணைக்கு மாமியை அட்லிஸ்வில் கோயிலில் தெரியும், மாமியின் விரதமும் தெரியும். நஞ்சு என்று சொல்லுங்கள், அது அவருக்குத் தெரியத்தான் வேண்டும். அவர் எத்தனை தரம் கேட்டாலும் கல்லில் இருந்தது பாசி என்றே இருக்கட்டும். அதற்கு உயிர் இருந்தது என்று அவர் சாப்பிடத் தொடங்கும் வரைக்குமாவது சொல்ல வேண்டாம்.

(ஒப்பம்)
கிருசிகா பானுஜன்