அட்டையில் இருந்த பெயர்

விசாரணைக் குழுத் தலைவர் ஐயாவுக்கு,

ஆண்கள் பெண் பெயரில் எழுதுவது தமிழில் புதினமான சங்கதி இல்லை. மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துப் பேரெடுத்தவர்களும் இருக்கிறார்கள். அதை யாரும் குற்றமென்று சொன்னதில்லை. மனைவிமேல் அவ்வளவு பாசம் என்றுதான் சொன்னார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

என் பெயர் கதிர்காமநாதன். வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருக்கிறேன். முப்பது வருடத்தில் மூன்று நாவல்கள் எழுதினேன். மூன்றும் விற்காமல் கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பார்கள், சரிதான். என் மனைவி சிவயோகமலர் உங்கள் பாடசாலையில் பிரதி அதிபராக இருந்தவள். நான் எழுதுவதை முதலில் வாசிப்பவளும் அவள்தான். கையில் பென்சிலோடு வாசிப்பாள்.

நான்காவது நாவலில் ஒரு காதல் காட்சி வைத்தேன். கணவனும் மனைவியும், வெளியே மழை. மூன்று கிழமை மினக்கெட்டு எழுதியது. மலர் சாப்பாட்டு மேசையில் இருந்து அதை வாசித்தாள். பிறகு சிரித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"இஞ்சருங்கோ, எந்தப் பொம்பிளை இப்பிடிக் கதைப்பாள்? முப்பது வருசமா ஒருத்தி பக்கத்தில படுத்திருக்கிறாள். அவளிட்டை ஒருக்கா கேட்டிருக்கலாமே."

எனக்குக் கோபம் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அடுத்த நாள் காலை அவள் பாடசாலைக்குப் போனதும் அந்த நாவலைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுத உட்கார்ந்தேன். 'உப்புப் படிந்த ஜன்னல்' அப்படித்தான் தொடங்கியது. என்னுடைய முதல் படுக்கையறை நாவல்.

ஐந்து மாதம் எழுதினேன். அவள் முதுகில் உள்ள மச்சம், தலை துவட்டும் விதம், ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கல்யாணமான புதிதில் என் காதில் சொன்னவை, எல்லாவற்றையும் போட்டேன். பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கச் சொன்னது அவள். நான் கேட்காமல் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயர் போடும் நேரம் வந்தது. கதிர்காமநாதன் என்று போட்டால் இந்தப் புத்தகமும் கட்டிலுக்கு அடியில்தான் போகும். ஆகவே திருமதி சிவயோகமலர் கதிர்காமநாதன் என்று போட்டேன். உங்கள் வரவுப் பதிவேட்டில் இருக்கிற அதே பெயர். பின்னட்டையில் ஆசிரியர் தின விழாவில் எடுத்த படமும், பாடசாலையின் பெயரும், அவளுடைய பதவியும். வாசகர்களுக்கு எழுதியவரைப் பற்றி அறிய உரிமை உண்டு.

கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருக்கும் நிஸாம் படத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸுக்குத் தெரியுந்தானே ஐயா?" என்று கேட்டார்.

"அவவுக்கு வெக்கம். அதுதான் நான் கொண்டு வந்தனான்" என்றேன்.

புத்தகம் வந்த கிழமையே ஆறு பிரதிகளைத் தபாலில் அனுப்பினேன். அதிபருக்கு ஒன்று, பாடசாலை நூலகத்துக்கு ஒன்று, பெற்றோர் சங்கத்துக்கு இரண்டு, கோயில் தர்மகர்த்தா சபைக்கு ஒன்று, அவளுடைய தாய்க்கு ஒன்று. அனுப்புநர் இடத்தில் அவள் பெயரை எழுதினேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். பெற்றோர் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். காலி வீதி பஸ்ஸில் ஒருவன் பின்னட்டைப் படத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்துச் சரிபார்த்தானாம். தாய் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினா. நீங்கள் அவளை இடைநிறுத்தி விசாரணை வைத்தீர்கள்.

விசாரணைக்கு முதல் நாள் மலர் என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"ஒரு வரி எழுதித் தாங்கோ. நான் எழுதேல்லை எண்டு. உங்களை நான் கோட்டுக்கு இழுக்க மாட்டன். ஒரு வரி காணும்."

"யோசிப்பம்" என்றேன். ஓம், கோபந்தான். இப்போது மறைப்பதில் என்ன இருக்கிறது? அந்தச் சிரிப்பு அதுவரைக்கும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வரிக்காக அவள் என்னிடம் நின்றபோதுதான் அது நின்றது. எனக்கு நல்ல பசி எடுத்தது.

மறுநாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் அவ எழுதுவதைக் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். "கண்டிருக்கிறேன், சாப்பாட்டு மேசையில்" என்றேன். வினாத்தாள் எழுதுவதைக் கண்டிருக்கிறேன். என்ன எழுதினா என்று நீங்கள் கேட்கவில்லை. அவளை வேலையால் நிறுத்தினீர்கள். அவள் கிருலப்பனையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும்.

போன மாதம் ஓர் இலக்கிய வட்டம் அந்த நாவலுக்குக் கூட்டம் வைத்தது. மண்டபம் நிறைந்த சனம். என் மூன்று நாவல்களுக்கும் சேர்த்து அவ்வளவு பேர் வரவில்லை. யதுஷா என்ற விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் பேசினா. "எந்த ஆணாலும் கனவிலும் எழுத ஏலாத நாவல்" என்றா. கைதட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

மலரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நான் இதை எழுதேல்லை. இதில வாற மச்சம் மட்டுந்தான் என்ர. ஒரு மனுசியை முப்பது வருசம் பாத்தும் ஒண்டும் விளங்காத ஆள்தான் இதை எழுதியிருக்கிறார்."

அவள் நக்கலாகக் கதைக்கிறாள் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நானும் எழுந்து, "எழுதினது நான்" என்றேன். சபை சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "அண்ணை, அந்தப் புத்தகத்தையாவது மனுசிக்கு விடுங்கோ" என்றான்.

பதினான்கு மாதமாக நான் வாய் திறக்காதது தவறுதான். ஒரு பெண்ணுக்கு நடந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு மனச்சாட்சியுள்ள ஒருவனால் சும்மா இருக்க முடியாது. ஆகவே எழுதித் தருகிறேன். எழுதியவன் நான். அவள் பெயரைப் போட்டவன் நான். தபாலில் அனுப்பியவன் நான். உங்கள் முன்னால் அவளைக் காட்டிக்கொடுத்தவனும் நான். கையெழுத்துப் பிரதி நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு வரிகூட அவளுடையது இல்லை.

அவளைத் திரும்ப வேலைக்கு எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். அதில் நான் தலையிட மாட்டேன். இரண்டாம் பதிப்பு வருகிற பதினைந்தாம் திகதி அச்சுக்குப் போகிறது. எழுதியவன் நான் என்று விசாரணைக் குழுவின் கடிதம் இல்லாமல் அட்டையில் பெயரை மாற்ற ஏலாது என்று நிஸாம் சொல்லிவிட்டார். தயவுசெய்து அதற்கு முதல் அனுப்பிவையுங்கள்.