படிக்கட்டு வரைக்கும் வந்த புள்ளி

சாயங்காலம் ஏழு மணி தாண்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு ரோடு... ஒரு பக்கம் நீள மதில், இன்னொரு பக்கம் வெறும் பொட்டல். லைட்டுக் கம்பம் இருக்கும், லைட்டு எரியாது. அந்த ரோட்டுல ஒருத்தன் பைக்கைத் தள்ளிட்டுப் போறான். பெட்ரோல் இருக்கு. வண்டியும் நல்லாத்தான் இருக்கு. பின்சீட்டுல ஆள் இல்லாம ஓட்ட அவனுக்கு வரல, அவ்வளவுதான்.

அந்தக் கதவைச் சாத்திட்டு வாங்கப்பா. கரண்ட் வரும்போது வரட்டும். நடுவுல யாராவது "அப்புறம், அப்புறம்"னு பிடுங்கினா நான் எழுந்து போயிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

அவன் வேற யாரும் இல்ல, என் சகலையோட தம்பி. ஆஸ்பத்திரி முழுக்க வைஃபை பாத்துக்குறது அவன் வேலை. அதனால எல்லாரும் அவனை சிக்னல்னுதான் கூப்பிடுவாங்க. பெத்த அம்மாவே அப்படித்தான் கூப்பிட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

கூரையில வெள்ளையா தட்டு மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்குமே, பாத்திருப்பீங்க. வைஃபை பெட்டி. அந்த ஆஸ்பத்திரியில தளத்துக்குத் தளம், வராண்டாவுக்கு வராண்டா அதுதான். முன்னெல்லாம் ஒண்ணு மக்கர் பண்ணினா ஏணியைத் தூக்கிட்டு அதுங்கிட்டயே போய் நிக்கணும். இப்ப அப்படி இல்ல. எல்லாத்துக்கும் சேத்து ஒரே தலை. கண்ட்ரோலர்னு சொல்லுவாங்க. கூரையில இருக்கறதுங்களுக்குச் சொந்த புத்தி கிடையாது. கண்ட்ரோலர் யாரை உள்ள விடச் சொல்லுதோ அவங்களை விடும். விரட்டச் சொன்னா விரட்டும். சிக்னல் மாடியில ஒரு சின்ன ரூம்ல உக்காந்துட்டு ஒரு பட்டனைத் தட்டினான்னா, அத்தனை பெட்டியும் ஒரே நேரத்துல கேக்கும்.

அவன் முன்னாடி ஒரு திரை. அதுல ஆஸ்பத்திரியோட வரைபடம். யாரோட போன் எந்தப் பெட்டியைப் பிடிச்சிருக்கோ, அங்க ஒரு புள்ளி, பக்கத்துலயே பேரு. ஆள் நடந்தா புள்ளியும் ஒரு பெட்டியை விட்டு இன்னொண்ணுக்குத் தாவும்.

அவன் பொண்டாட்டிக்கும் அங்கயேதான் வேலை. ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல. சாயங்காலம் லேப் முடிஞ்சதும் அவ இவன் ரூமுக்கு வருவா, ரெண்டு பேரும் ஒரே பைக்குல வீட்டுக்குப் போவாங்க. அவ கிளம்பினதும் சிக்னல் திரையைப் பாப்பான். புள்ளி லேப்ல இருக்கும்... எக்ஸ்ரே வராண்டாவுக்கு வரும்... கேன்டீன்கிட்ட கொஞ்சம் நிக்கும், அங்க ஒரு தோழி இருந்தா, வாயடிப்பா... அப்புறம் படிக்கட்டு. படிக்கட்டுக்குப் புள்ளி வந்ததும் இவன் பையை எடுத்து மாட்டிக்குவான். அவ கதவைத் தட்டும்போது இவன் தயாரா நிப்பான். "உனக்கு எப்படித்தான் மூக்குல வேர்க்குதோ!"ன்னு அவ சிரிப்பா. கல்யாணம் ஆனதுலேருந்து அவன் அந்த ரகசியத்தை அவகிட்டச் சொல்லவே இல்ல.

ஒரு நாள் கண்ட்ரோலருக்கு மென்பொருள் மாத்துற வேலை. அணைச்சு அணைச்சுப் போடணும். திரை வெறுமையா கிடக்கு. புள்ளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ போன் பண்ணினா. "நீ முன்னாடி போ, எனக்கு நேரமாகும்"னு சொல்லிட்டான். அவளும் சரின்னு நடந்தா. நான் சொன்னேனே, பின்பக்க ரோடு... அதுலதான் லாரி.

அதுக்கப்புறம் அவன் அழல. ஒரு சொட்டு அழல. காரியம் எல்லாம் முடிஞ்சுது, சொந்தக்காரங்க வந்தாங்க, போனாங்க. இவன் யாரோ வீட்டு விசேஷத்துக்கு வந்தவன் மாதிரி சேர்ல உக்காந்திருந்தான். சோறு வெச்சா சாப்பிட்டான். வெக்கலைன்னா கேக்கல. அவ போன் ஒரு பிளாஸ்டிக் கவர்ல திரும்பி வந்துச்சு. நடுவுல மடங்கி, பேட்டரி பிதுங்கி வெளிய வந்திருந்துச்சு. அதைக் கொண்டு போய் ஆபீஸ் டிராயர்ல போட்டுப் பூட்டினான். ஏன் அங்கன்னு கேட்டா அவனுக்கே தெரியாது.

வீட்டுல அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. குட்டின்னு கூப்பிடுவாங்க. குட்டியைப் பாத்துக்க சிக்னலோட அக்கா தன் வீட்டைப் பூட்டிட்டு வந்து தங்கினாங்க.

ரெண்டு மாசம் போச்சு. ஒரு சாயங்காலம்... லேப் பூட்டுற நேரம்... சிக்னல் சும்மா திரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தான். லேப்ல ஒரு புள்ளி வந்துச்சு.

அவ பேரு.

எக்ஸ்ரே வராண்டா. கேன்டீன். அங்க கொஞ்சம் நின்னுச்சு. அப்புறம் படிக்கட்டு.

இவன் டிராயரைத் திறந்தான். கவர் அப்படியே இருக்கு. போன் அப்படியே மடங்கிக் கிடக்கு. திரும்பி நிமிர்ந்தா, புள்ளி அவன் ரூம் வாசல்ல இருக்குற பெட்டிக்கு வந்துடுச்சு.

சத்தம் இல்ல. யாரும் தட்டல. ஆனா கதவுக்கு அடியில இருந்து ஸ்பிரிட் வாசனை... ஊசி போடறதுக்கு முன்னாடி பஞ்சுல தடவுவாங்களே, அது. லேப்லேருந்து வரும்போது அவ கையில எப்பவும் இருக்கும்.

நீங்களா இருந்தா அலறியடிச்சு ஓடியிருப்பீங்க. அவன் ஓடல. பயமும் வரல, சந்தோஷமும் வரல. பையை எடுத்து மாட்டிக்கிட்டான். நின்னான். கொஞ்ச நேரத்துல புள்ளி அணைஞ்சுது. கதவைத் திறந்தான். வராண்டா காலி. கீழ இறங்கி வண்டியை எடுத்தான். அன்னிலேருந்துதான் வண்டியை ஓட்டாம தள்ளிட்டுப் போறது.

தினம் இதே கதைதான். லீவு நாள்லகூட போய் உக்காந்துக்குவான். புள்ளி அணைஞ்ச பிறகும் எழுந்திருக்க மாட்டான். அவன் வீடு வந்து சேரும்போது குட்டி தூங்கியிருக்கும். காலையில குட்டி எழுந்திருக்கறதுக்குள்ள கிளம்பிடுவான். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பாத்தாங்க. ஒரு நாள் வாசல்லயே மடக்கிட்டாங்க.

"ஏன்டா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? பிள்ளை உன் மூஞ்சியை மறந்துட்டுது. நேத்து பக்கத்து வீட்டுக்காரரைப் பாத்து அப்பாங்குது. இப்படியே போனா, நான் அவளை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் இங்க வந்து கேக்காதே."

"சரிக்கா"ன்னான். எதுக்குச் சரின்னான்னு அக்காவுக்கும் புரியல.

ஆஸ்பத்திரியில வயர் இழுக்குற பெரியவர் ஒருத்தர், வயரண்ணன்னு பேரு, அவர் ஒரு சாயங்காலம் அந்த ரூம்ல இருக்கும்போது புள்ளி வந்துடுச்சு. பேரைப் படிச்சாரு. மனுஷன் மூஞ்சியில ஈயாடல. சிக்னல் பையை மாட்டிட்டு நிக்கிறதையும் பாத்தாரு.

"எத்தனை நாளா இது?"

"தெரியல."

"டேய், அவ போயிட்டாடா. நீ கதவைப் பாத்துட்டே உக்காந்திருந்தா அவ எப்படிப் போவா? பெத்த பிள்ளை வீட்டுல இருக்கு. அதை நினைச்சுப் பாரு. விரட்டு இதை. உன்னால முடியும், ஒரு பட்டன்தானே?"

ஒரு பட்டன்தான். வெளியாள் போன் உள்ள நுழைஞ்சா தினம் தட்டுற அதே பட்டன். மறுநாள் மத்தியானம் சிக்னல் அதைத் தட்டினான். அவ போனை உள்ள விடாதேன்னு கண்ட்ரோலர் எல்லாப் பெட்டிக்கும் சொல்லிடுச்சு. தட்டின விரலைக் கொஞ்ச நேரம் பாத்தானாம். விரல் மரத்துப் போன மாதிரி இருந்துச்சாம்.

அன்னிக்குச் சாயங்காலம் புள்ளி வரல. ஆனா திரைக்கு அடியில எழுத்து வரிவரியா ஓடும் பாருங்க, யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு... அதுல வந்துச்சு. லேப், அனுமதி இல்லை. எக்ஸ்ரே வராண்டா, அனுமதி இல்லை. கேன்டீன், அனுமதி இல்லை. படிக்கட்டு, அனுமதி இல்லை. அப்புறம் அவன் ரூம் வாசல். அனுமதி இல்லை... அனுமதி இல்லை... அனுமதி இல்லை...

திரை நிறைஞ்சுது. அப்புறம் நின்னுடுச்சு.

அவன் கிளம்பினான். அன்னிக்கு வண்டியை ஓட்டிட்டே போனான். குட்டி முழிச்சிருக்கும்போதே வீட்டுக்குப் போயிடணும்னு முதல் தடவையா தோணுச்சு. அந்த ரோட்டுல பாதி தூரம் போனப்ப காது குளிர்ந்துச்சு. பின்சீட்டைத் திரும்பிப் பாக்கல. வண்டியை இன்னும் முறுக்கினான்.

வீட்டுல குட்டி கட்டில்ல உக்காந்திருந்துது. கையில ஒரு சின்ன வாட்ச். வைஃபைல பேசுற மாதிரி வாட்ச், அதோட அம்மா வாங்கிக் கொடுத்தது. அப்பாவைப் பாத்ததும் சிரிச்சுது.

"அப்பா, அம்மா வந்தாங்க."

"எங்க?"

"வெளிய நின்னாங்க. எங்கயும் உள்ள விடலையாம். கை வலிக்குதாம், தட்டித் தட்டி. பாஸ்வேர்ட் என்னன்னு கேட்டாங்க. நான் சொன்னேன்."

இப்பத்தான் சிக்னலுக்கு உறைச்சுது. ஹாலுக்கு ஓடிப் போய் நிமிர்ந்து பாத்தான். கூரையில வெள்ளைத் தட்டு. அவனே ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டாந்து மாட்டினது. வீட்டுலேருந்தே வேலை பாக்கலாம்னு, அதையும் அதே கண்ட்ரோலரோட சேத்து வெச்சிருந்தான். ஆனா ஆஸ்பத்திரிச் சட்டமெல்லாம் வீட்டுக்கு எதுக்குன்னு அதை மட்டும் தனிக் கூட்டமா பிரிச்சு விட்டிருந்தான். விரட்டுன்னு சொன்ன உத்தரவு ஆஸ்பத்திரிப் பெட்டிங்களுக்கு மட்டும்தான் போயிருக்கு. இந்த ஒண்ணுக்குப் போகல.

போன்ல கண்ட்ரோலரைத் திறந்தான். வீடு. ரெண்டு புள்ளி. ஒண்ணு குட்டியோட வாட்ச். இன்னொண்ணு அதை ஒட்டி.

அறை முழுக்க ஸ்பிரிட் வாசனை.

அத்தனை நாள் எங்க போயிருந்துச்சோ, பயம் மொத்தமா வந்துச்சு. ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் பெட்டியைப் பிய்ச்சு எடுத்தான், சுண்ணாம்போட வந்துச்சு. குட்டியைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டான். விடியுற வரைக்கும் கீழ விடல. அப்பத்தான் அழுதான். "என் தங்கம், என் தங்கம்"னு சொல்லிச் சொல்லி அழுதான். குட்டிதான் அவன் கண்ணைத் துடைச்சுவிட்டுச்சு.

காலையில ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வேலையா அந்தத் தடையை எடுத்தான். அவ பழைய வழியிலயே வரட்டும், என்கிட்டயே வரட்டும், பிள்ளைகிட்டப் போக வேணாம்னு. அக்காகிட்ட ஆயிரம் தடவை சொல்லிட்டு வந்திருந்தான், குட்டியை விட்டு நகராதீங்கன்னு.

சாயங்காலம் ஆச்சு. லேப் பூட்டுற நேரம். புள்ளி வந்துச்சு. அவன் பெருமூச்சு விட்டான். சேர்ல சாஞ்சுக்கிட்டான்.

லேப்லயே இன்னொரு புள்ளி வந்துச்சு.

குட்டி. வாட்ச்சுக்கு அவனே வெச்ச பேரு.

ரெண்டும் எக்ஸ்ரே வராண்டாவுக்கு வந்துச்சு. ஒண்ணை ஒட்டி ஒண்ணு. அவன் அக்காவுக்குப் போன் போட்டான்.

"குட்டி எங்க?"

"இங்கதான்டா, என் பக்கத்துலயே. தூங்குது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தது. ராத்திரி எல்லாம் முழிச்சிருந்துச்சேன்னு விட்டுட்டேன்."

"கையில வாட்ச் இருக்கா?"

"இருக்கே."

கேன்டீன். ரெண்டு புள்ளியும் கொஞ்சம் நின்னுச்சு.

"எழுப்புக்கா."

"தூங்கட்டும்டா பாவம்..."

"எழுப்புங்கறேன்ல!"

"சரி சரி, கத்தாதே. குட்டி... குட்டிம்மா... ஏன்டா, கை ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு? குட்டி... டேய், எழுந்திருக்க மாட்டேங்குதுடா..."

படிக்கட்டு.

அவன் கை தானா பையை எடுத்துத் தோள்ல மாட்டுச்சு. பழக்கம். போன் காதுலயே இருக்கு. ஓடணும்னு தோணுது, காலு வரல. மறுபடியும் எல்லாம் மரத்துப் போச்சு, விரல், வாய், நெஞ்சு, எல்லாம். திரையில ரெண்டு புள்ளியும் வாசலுக்கு வந்து நின்னுச்சு. கதவுக்கு அடியில ஸ்பிரிட் வாசனை.

அத்தனை நாளா தட்டாத கதவை அன்னிக்குத் தட்டினாங்க.

டக்... டக்...

தாழ்ப்பாள் பக்கத்துல இல்ல. ரொம்பக் கீழ. சின்னக் கை எட்டுற உயரத்துல.

போன்ல அக்கா இன்னும் கூப்பிட்டுட்டே இருந்தாங்க.